கருடன் ஆறு எலுமிச்சையோடு பொருத காதை

வாழ்க உத்தமன். திருமுல்லைவாயில் ஈன்ற திண்தோளன் (தோள் உண்மையில் ஒடுங்கியதே, காவியத்துக்காகத் திண்தோள் என்று கொள்க), மூர் மார்க்கெட்டுப் பழைய புத்தகப் பாற்கடலைக் கடைந்து விமானக் கலை என்னும் அமுதம் எடுத்தவன், அளவுகோலை வில்லாகவும் கூர்ப்பென்சிலை அம்பாகவும் ஏந்தி வரைதாள் என்னும் வெண்களத்தில் ஆண்டுக்கணக்கில் போர் புரிந்தவன், சகுனம் பாராத பகுத்தறிவுச் செம்மல், வானத்தை அண்ணாந்து பார்த்தே கழுத்து சுளுக்கிய கலைஞன், அவன் வாழ்க. எல்லாத் திசையும் உலவும் காற்றே, நீயும் வாழ்க. இக்கதையில் உனக்கு நிறைய வேலை இருக்கிறது.

அம்பத்தூர் தொழிற்பேட்டையின் ஓர் ஓரத்தில், தகரக்கூரை தகதகக்க, ஆமணக்குப் புதர்கள் அரணாகச் சூழ, ‘பரந்தாமன் ஏவியேஷன் ஒர்க்ஸ்’ என்று பெரிய எழுத்திலும், அதன் கீழே ‘வாளிக்கு அடி வைத்துத் தரப்படும்’ என்று சிறிய எழுத்திலும் பலகை தாங்கி நின்றது அந்த விமானக் கோட்டை. பெரிய எழுத்தைப் படித்து இதுவரை எவரும் உள்ளே வந்ததில்லை. சிறிய எழுத்தைப் படித்து வந்தவர்களால்தான் கோட்டைக்குள் அடுப்பு எரிந்தது. கோட்டையின் அதிபதி பரந்தாமன், பரம்பரையாக நெல் விளைத்த குடியில் பிறந்தவர். உத்தமனின் அக்கா கஸ்தூரியை மணந்தவர். மைத்துனனின் மூளையை நம்பியவர், அதாவது சென்ற தீபாவளி வரை நம்பியவர்.

நாயகனைப் பாடினால் அவன் பெற்ற பிள்ளைகளையும் பாட வேண்டும் என்பது மரபு. உத்தமன் பெற்றவை ஆறு. அவற்றுள் ஐந்து தாளிலேயே பிறந்து தாளிலேயே வாழ்ந்தவை.

மூத்தது கருடன் ஒன்று. பரந்தாமனின் நெல்வயலுக்கு மேலே பறந்து பூச்சிமருந்து பொழிவதற்கென்றே வரைந்த ஹெலிகாப்டர். அதன் கடைசிக் கோட்டின் மை உலர்வதற்குள் வயல் தொழிற்பேட்டையாகிவிட்டது. பூச்சி இல்லை, பயிர் இல்லை. ஆனால் வயலுக்குக் கிடைத்த இழப்பீட்டில் இந்தக் கொட்டகை வந்தது. அடுத்தது கருடன் இரண்டு. மூடிய ரயில்வே கேட்டின் முன் வெயிலில் வாடும் ஆவடிப் பயணிகளைக் கண்டு உள்ளம் உருகிய உத்தமன், கேட்டின் இப்பக்கம் எழுந்து அப்பக்கம் இறங்குவதற்கு மட்டுமே ஆன வானூர்தியாக அதை வரைந்தான். எட்டுப் பேரை ஏற்றி இறக்குவதற்குள் கேட் திறந்துவிடும் என்று அவனே போட்ட கணக்கு அவனையே வீழ்த்தியது. கருடன் மூன்று நீரில் இறங்கும் விமானம். அம்பத்தூர் ஏரியை நம்பியது. அந்தக் கோடையில் ஏரிக்குள் ஆடு மேய்ந்தது. கருடன் நான்கை மிதித்து ஓட்ட வேண்டும். மிதிப்பவனுக்கு யானையின் பலமும் சிட்டுக்குருவியின் எடையும் வேண்டும் என்று கணக்கு வந்ததால், தகுந்த ஆள் கிடைக்கும் வரை அது ஒத்திவைக்கப்பட்டது. கருடன் ஐந்தின் மாதிரி இறக்கைக்கு எடுத்த துணி கஸ்தூரியின் கூறைப்புடவை என்பதால், அதைப் பற்றிக் குடும்பத்தில் எவரும் பேசுவதில்லை. நாமும் பேச வேண்டாம்.

ஆனால் ஆறாவது, ஆகா, ஆறாவது இரும்பும் மரமுமாய் எழுந்து நின்றது. பழைய ராணுவ ஜீப்பின் எஞ்சின் இதயமாக, முடிதிருத்தும் கடையின் நாற்காலி அரியணையாக, தண்ணீர்க் குழாய் இரண்டு தரையில் படியும் கிடைக்கால்களாக, தலைக்கு மேலே தேக்குமரச் சுழலிறக்கை இரண்டு ஐராவதத்தின் தந்தங்கள்போல நீண்டிருக்க, முற்றத்து மண்ணில் அது வீற்றிருந்த கோலம் மேருமலை ஒன்று பறக்க முடிவெடுத்ததை ஒத்திருந்தது. மேரு என்பது மிகை. ஒரு மாட்டுவண்டியின் உயரம் இருக்கும்.

எழுபதுகளின் தொடக்கத்தில், ஆயுத பூஜைக்கு மறுநாளான ஒரு விஜயதசமி காலையில், பரந்தாமன் தம் ஆணையை முழங்கினார். இன்று ராகுகாலம் தொடங்குமுன் இயந்திரம் தானாக எழ வேண்டும். வானம்வரை வேண்டாம், தம் கையிலிருக்கும் செய்தித்தாள் அதன் காலடியில் நுழைந்து வெளிவரும் அளவு எழுந்தால் போதும். எழுந்தால் உத்தமன் விரும்பியபடி கருடன் ஏழும் எட்டும் பிறக்கலாம். எழாவிட்டால் சென்னீர்குப்பத்திலிருந்து வந்து வாசலில் நிற்கும் லாரியில் இருக்கும் பக்கெட் செய்யும் மெஷின் உள்ளே வரும். கருடன் குலம் அத்தோடு முடியும். வரைபலகையின் இடத்தில் தகரச் சுருள் அடுக்கப்படும். உத்தமன் தலையசைத்தான். ஒரு செய்தித்தாளின் கனம்தான் அவன் வாழ்வுக்கும் தாழ்வுக்கும் இடையே இருந்தது.

அரியணை ஏறியவன் வரதன். வெல்டிங் வேலையில் வல்லவன். ஓட்டத் தெரிந்ததால் அல்ல, ஆலையிலேயே எடை குறைந்தவன் என்பதால் விமானியானவன். அவன் இடுப்பைக் கயிற்றால் கட்டி, எஞ்சினை முடுக்கப் போன கணத்தில்தான், கூந்தல் முடிந்து, சேலைத் தலைப்பை வரிந்து, களம் புகுந்தாள் அவன் மனைவி பேபி. அவள் உள்ளங்கையில் இருந்தான் இக்காவியத்தின் எதிர்த்தலைவன்.

மஞ்சள் மேனியன், முள்மரத்து மைந்தன், புளிப்பே உயிரானவன், உருண்டு திரண்ட ஒரே ஓர் எலுமிச்சம்பழம். முந்தைய நாள் பூஜையில் அம்பத்தூரிலிருந்து குமணன்சாவடி வரை இருந்த எலுமிச்சையெல்லாம் லாரிச் சக்கரத்திலும் லேத் மெஷினிலும் வீரமரணம் எய்திவிட, எஞ்சிய ஒற்றைப் பெருவீரன் அவன்.

“புது வண்டி எலுமிச்சம்பயத்த நசுக்கினுதான் கெளம்பணும்,” என்றாள் பேபி. “அது நசுங்காம எங்காளு மேல போனாரு, நான் ஆவடிக்கு எங்கம்மா ஊட்டுக்குப் பூடுவேன். அப்பறம் சோறு ஆக்கிப் போட ஏரோப்ளேன் வராது.”

பழத்தை அவள் இடக்கிடைக்காலின் முன்னே மண்ணில் வைத்தாள். வரதன் அரியணையிலிருந்து உத்தமனைப் பரிதாபமாகப் பார்த்தான்.

சகுனம் பாராச் செம்மலுக்குச் சினம் பொங்கியது. ஆனால் சினத்தை விடக் கணக்கு அவனுக்கு எளிதில் வந்தது. கூடியிருந்தோர் முன் கையை உயர்த்தி அவன் அறிவித்தான்: “இது முன்னால போற வண்டி இல்ல, நேரா மேல போற வண்டி. முன்னால இருக்கிற பழத்த எப்படி நசுக்கும்? நசுக்கணும்னா நகரணும். நகரணும்னா எழுந்திருக்கணும். எழுந்திருக்க நீ உடமாட்டேன்ற.”

தருக்க நூல்கள் கண்டிராத இந்தச் சக்கர வியூகத்துக்குள் அனைவரும் சிக்கினர். பழத்தைக் காலடியில் வைத்தால் என்ன என்று பரந்தாமன் கேட்டார். பழத்தின் மேல் வண்டியை உட்கார வைப்பது கிளம்புவது ஆகாது, அது இறங்குவது என்றாள் பேபி. போகும்போது இறங்குவதைப்போலக் கெட்ட சகுனம் உண்டா என்று எதிர்க்கேள்வியும் போட்டாள். ஆட்கள் தோள் கொடுத்துத் தள்ளிப் பார்த்தனர். ஐப்பசி மழையில் ஊறிப் பின் வெயிலில் காய்ந்து இறுகிய மண்ணில் குழாய்க்கால்கள் வேர்விட்டிருந்தன. கருடன் அசையவில்லை. எலுமிச்சை, பகைவன் படையைக் கண்டும் கலங்காத தளபதிபோல, இருந்த இடத்தில் இருந்தது.

இறுதியில் வரதனே வழி சொன்னான். எஞ்சினை ஓடவிட்டால் வண்டி ஆடும், ஆடினால் மண் இளகும், இளகினால் கொஞ்சம் முன்னால் நகரும், பழம் நசுங்கும், மற்றதை அதன் பிறகு பார்க்கலாம். எழுப்பும் நெம்புகோலைத் தொடவே கூடாது என்று பேபி ஆணையிட்டாள். தொடமாட்டேன் என்று வரதன் வேம்புலியம்மன் மீது சத்தியம் செய்தான்.

முழங்கியது எஞ்சின். கடல் குமுறியதுபோல, இடி பிளந்ததுபோல, இன்னும் சரியாகச் சொன்னால் மாவு மில் ஓடுவதுபோல. சுழன்றன தேக்கிறக்கைகள். புறப்பட்டது காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பர். ஐப்பசியில் உத்தமன் ஆக்கிய காற்றில் பூஜைப் பொரி பறந்தது, வாழைக்கன்று முறிந்தது, சுண்டல் மடித்த தாளெல்லாம் தொழிற்பேட்டை எல்லையைக் கடந்தன. அந்தோ, நெஞ்சு பிளக்கும் காட்சியாக, எலுமிச்சையும் உருண்டது.

“பயம் ஓடுது, புடி,” என்று பேபி கூவினாள்.

ஊரில் வேறு பழமில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். பேபி முதலில் பாய்ந்தாள். செய்தித்தாளை மூக்கில் பொத்திக்கொண்டு பரந்தாமன் பாய்ந்தார். வாளிக்கு அடி வைக்க வந்து வேடிக்கை பார்த்து நின்ற பெண்கள் இருவரும் பாய்ந்தனர். பகுத்தறிவுச் செம்மலும் ஒரு கணம் தயங்கி, இது மூடநம்பிக்கை என்று தனக்குள் மும்முறை சொல்லிக்கொண்டு, எல்லோரையும் முந்திப் பாய்ந்தான். புழுதி பொழுதை மறைத்தது. பழம் ஆமணக்குப் புதருக்குள் புகுந்தது என்று ஒருவர் சொல்ல, மொத்தச் சேனையும் முதுகை இயந்திரத்துக்குக் காட்டிக் குனிந்து, முழங்கை வரை புதருக்குள் விட்டுத் துழாவியது. லாரி டிரைவர் மட்டும் குனியவில்லை. அவர் லாரிக்கு அடியில் உறங்கிக்கொண்டிருந்தார்.

அப்போது நிகழ்ந்தது அது. இதை உறுதியாகச் சொல்ல இக்கதைக்கு மட்டுமே உரிமை உண்டு. ஏனெனில் வேறு எவரும் பார்க்கவில்லை.

புழுதி வரதனின் மூக்கில் ஏறியது. கண்ணை இறுக மூடி அம்மனை வேண்டிக்கொண்டிருந்த வரதன் தும்மினான். தும்மிய வேகத்தில் கை நெம்புகோலை இழுத்தது. இழுத்த கணத்தில், ஐந்து அண்ணன்மாரும் தாளுக்குள்ளிருந்து நிமிர்ந்து பார்க்க, மண்ணில் புதைந்த கால்களை உதறி, பூமாதேவியின் பிடியை அறுத்து, தேவர் பூமாரி பொழியாதிருக்க, கருடன் ஆறு எழுந்தது. ஒரு சாண் எழுந்தது. அதனடியில் ஒரு செய்தித்தாள் அல்ல, ஒரு வாரத்துச் செய்தித்தாள்களை நுழைத்து எடுத்திருக்கலாம். புதரில் முட்டித் திரும்பிய எலுமிச்சை, சுழல்காற்று இழுத்த இழுப்பில், தேடுவோர் கால்களுக்கிடையே நழுவி, எழுந்து நின்ற எதிரியின் நிழலுக்கே வந்து சேர்ந்தது. தும்மல் முடிந்தது. நெம்புகோல் தாழ்ந்தது. கருடன் சற்றுத் தள்ளி இறங்கியது. சளக் என்று ஒரு சிறு ஒலி. அதை எஞ்சினின் பேரொலி விழுங்கியது. பிறகு அந்த எஞ்சினும், கொதித்த ரேடியேட்டரின் ஆவியைக் கடைசி மூச்சாக விட்டு, அடங்கியது.

புழுதி அமர்ந்தது. சேனை திரும்பியது. இடக்கிடைக்காலின் அடியில், சாறு வழிய, விதை சிதற, விழுப்புண் பட்டுக் கிடந்தது எலுமிச்சை.

“பார்த்தியா, நசுங்கிடிச்சி,” என்று பேபி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “இனிமே போலாம்யா.”

உத்தமன் மண்டியிட்டான். பழத்தைப் பார்த்தான், குழாய்க்காலைப் பார்த்தான், பழைய தடத்தையும் பார்த்தான். தடத்துக்கும் காலுக்கும் இடையே, நகர்ந்திருந்தால் விழ வேண்டிய உழுத கோடு எதுவும் இல்லை. அவன் முகத்தில் உதயசூரியனும் பௌர்ணமி நிலவும் ஒருசேர எழுந்தன. எழுந்து நின்று, வாழ்நாளின் மிகப் பெரிய அறிவிப்பை அவன் செய்தான்.

“மாமா, பழம் காலுக்கு அடியில இருக்கு. கால் மேல போயிருந்தாதான் பழம் அடியில வர முடியும். எழுந்திருக்கு மாமா. எழுந்து உக்காந்திருக்கு.”

பரந்தாமன் வரதனிடம் திரும்பி, எழுந்ததா என்று கேட்டார். வரதன் மூக்கைத் துடைத்துக்கொண்டான். பொய் சொல்லத் தெரியாதவன் அவன். அன்று அதுவே குறையாயிற்று.

“தெர்ல மொதலாளி. கண்ண மூடிகினு கீந்தேன். வயித்துல இன்னாவோ ஒரு மாரி ஆச்சு. காலீல துன்ன சுண்டலா கூட இருக்கலாம்.”

பரந்தாமன் உத்தமனின் தோளில் கை வைத்தார். அவர் கொடியவர் அல்லர். கையிலிருந்த செய்தித்தாளை விரித்து, மடித்து, மறுபடியும் விரித்தார். அதில் புழுதி மட்டுமே இருந்தது.

“நீ சொல்றது சரியா இருக்கும் மச்சான். ஆனா நான் பாக்கலியே,” என்றார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடியும் ஓட்டிக் காட்ட எஞ்சின் ஆற வேண்டும். அது ஆறுவதற்குள் ராகுகாலம் வந்துவிடும். அவர் பார்வை வழியும் எலுமிச்சையில் போய் நின்றது. விஜயதசமி நாளில், வளாகத்தின் நடுவில், அவ்வளவு செம்மையாக நசுங்கிய பழத்தை அவர் அதற்கு முன் கண்டதில்லை. அப்படிப்பட்ட சகுனத்தை வீணாக்கலாகாது என்று உழவர் குடியின் உள்ளம் சொல்லிற்று.

“நல்ல நேரம் போறதுக்குள்ள லாரிய உள்ள வரச் சொல்லு,” என்றார்.

டிரைவரை எழுப்பினார்கள். கயிறு, பலகை, உருளை எல்லாம் வந்தன. ஆட்கள் இருபுறமும் நின்றார்கள். பக்கெட் மெஷின் கனமாக இருந்ததால் உத்தமனும் ஒரு கை பிடித்தான்.