நாடி ஓடுது, பயமில்லை

நம்மிடையே ஓர் இனம் உண்டு: நாடி பார்ப்போர். வைத்தியர்களைச் சொல்லவில்லை, அவர்கள் பாவம், படித்துவிட்டுப் பார்க்கிறார்கள். நான் சொல்வது மற்றவர்களை. கலியாண வீட்டில் ஒருவருக்குத் தலை சுற்றினால், தேர்த் திருவிழாவில் ஒருவர் வெயிலில் சரிந்தால், சந்தியில் ஒரு மோட்டார் சைக்கிள் புரண்டால், அம்புலன்சுக்கு யாரும் அழைக்கும் முன்னரே கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு வந்து, விழுந்தவரின் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து, கண்ணை மூடி, தூரத்து வானொலியைக் கேட்பவர்போலத் தலையைச் சாய்த்து நிற்பாரே, அவரை. தீர்ப்பு எப்போதும் ஒன்றுதான்: "நாடி ஓடுது, பயமில்லை."

விழுந்தவர் இடுப்புப் போய்விட்டதென்று ஊர் கேட்கக் கத்திக்கொண்டிருப்பார். உயிர் இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சியும் வேண்டுமா? இவருக்கு வேண்டும்.

இந்த இனத்தின் நல்ல மாதிரி, அச்சுவேலி நமசிவாயம். கூட்டுறவுச் சங்கத்தில் முகாமையாளராக இருந்து ஓய்வுபெற்றவர். ஊருக்கு இன்றைக்கும் மனேச்சர்தான். முன்பு அரிசி மூட்டைக்குள் விட்டுத் தரம் சொன்ன விரல்கள் இப்போது ஊரவரின் மணிக்கட்டில் இருக்கின்றன. தரம் பிழைத்தால் அன்று சோறுதான் குழைந்தது.

போன மாரியில் அவருடைய தம்பி மகன் வாகீசன், புத்தூரில் வெங்காயத் தோட்டம் செய்கிறவன், மோட்டார் சைக்கிளில் வரும்போது குறுக்கே வந்த நாய்க்கு விலத்தப்போய் மதகுச் சுவரில் வலது தோளை மோதி விழுந்தான். தோள்மூட்டு விலகி, அக்குள் பந்துபோல வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் விலகிய தோளைத் திரும்பப் பொருத்தி, ஸ்கான் எடுத்து, உடனே சத்திரசிகிச்சை என்றார்கள். அதற்குள் மனேச்சர் கட்டிலருகே வந்து சேர்ந்துவிட்டார். மூன்று விரல். மூடிய கண்.

"நாடி வடிவா ஓடுது பிள்ளை. ஓடுற நாடிக்கு என்னத்துக்கு ஒப்பரேசன்?"

பிள்ளை என்றது சத்திரசிகிச்சை நிபுணர் தர்சினியை. அவர் பொறுமையாகச் சொன்னார். தோளிலிருந்து கைக்கு வரும் பெரிய நாடிக் குழாய் அக்குளுக்குள் கிழிந்துவிட்டது. வழக்கமாக அந்த ஒரு குழாய் முழங்கை வரை இறங்கி வந்துதான் இரண்டாகப் பிரியும். வாகீசனுக்கோ, மணிக்கட்டுக்குப் போகும் கிளை பிறப்பிலேயே தோளடியில், கிழிந்த இடத்துக்கு மேலே, பிரிந்து தனியாக இறங்குகிறது. மனேச்சர் தொட்டது அதைத்தான். மிச்சக் கை இரத்தமில்லாமல் கிடக்கிறது. இன்னும் சில மணித்தியாலம் விட்டால் கை மிஞ்சாது.

மனேச்சர் சிரித்தார். கடவுள் எல்லாரையும் ஒரே மாதிரித்தானே படைத்திருக்கிறார் என்றார். ஸ்கான் மெசின் பழசாக இருக்கும் என்றார். கனடாவில் எங்கடை பிள்ளை ஒன்று ஆஸ்பத்திரியில்தான் வேலை, என்ன வேலையென்று சரியாகத் தெரியாது, ஆனால் கெட்டிக்காரி, கேட்டுப்போட்டு நாளைக்கு விடியப் பாப்பம் என்று கைபேசியோடு விறாந்தைக்குப் போய், அங்கே அவள் எடுக்காததால் திரும்பி வந்து, மறுபடியும் போனார்.

கட்டிலில் கிடந்தவனை யாராவது கேட்டார்களா? டொக்டர் கேட்டார். விரல் அசைக்க முடியாமல் கிடந்த வாகீசன் முனகினான்: "பெரியப்பா சொல்லுறபடி செய்யுங்கோ."

இதுதான் அந்த இனத்தின் பலம். கை போகிறவனே அவருடைய கட்சி.

திரும்பி வந்த மனேச்சரின் மணிக்கட்டைப் பிடித்து டொக்டர் மூன்று விரல் வைத்தார். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மற்றக் கையையும் பிடித்துப் பார்த்தார்.

"உங்கடை நாடியைக் காணேல்லை ஐயா."

மனேச்சர் தானே தொட்டுப் பார்த்தார். அழுத்தினார். இடம் மாற்றினார். முகம் சாம்பலாயிற்று. ஊரெல்லாம் கை பிடித்துத் தீர்ப்புச் சொன்ன மனிதர் தன் கையை ஒருநாளும் பிடித்துப் பார்த்ததில்லை. டொக்டர் அவருடைய விரலை எடுத்துப் பெருவிரலுக்குப் பின்னால், புறங்கைப் பக்கம் வைத்தார். அங்கே ஓடிக்கொண்டிருந்தது. சிலருக்கு அப்படி வளைந்து போகும் என்றார்.

கட்டிலின் மறுபக்கம் நின்ற வாகீசனின் மனைவி கோபிகா முன்னால் வந்தாள். "மாமா, உங்களுக்கு இருக்கவேண்டிய இடத்திலை நாடி இல்லை, ஆனா இவ்வளவு கதைக்கிறியள். இவருக்கு நாடி இருக்கு, விரல் அசையேல்லை. கொஞ்சம் அங்காலை நில்லுங்கோ." பிறகு புருஷனிடம் குனிந்தாள். "ஓமெண்டு சொல்லுங்கோப்பா."

சொன்னான்.

கை தப்பியது. சுண்டுவிரலும் அடுத்த விரலும் மட்டும் இன்னும் மரத்துப்போய்க் கிடக்கின்றன. சட்டைப் பொத்தானைக் கோபிகாதான் பூட்டிவிடுகிறாள். அந்த விரல்களின் உணர்ச்சி மனேச்சர் விறாந்தைக்கும் கட்டிலுக்கும் நடந்த நேரத்தில் போனது என்கிறாள் அவள். டொக்டர் அப்படிச் சொல்லவில்லை. இல்லையென்றும் சொல்லவில்லை.

மனேச்சர் திருந்தினாரா? கோயில் வீதியில் அவர் சொல்வதைக் கேளுங்கள்: "நாடி ஓடினபடியாத்தான் கை தப்பினது. நான் அப்பவே சொன்னனான்." தன்னுடைய வளைந்த நாடி லட்சத்தில் ஒருவருக்குத்தான் வாய்க்குமாம். முன்பு ஒரே இடத்தில் தொட்டுப் பார்த்தவர் இப்போது இரண்டு இடத்தில் பார்க்கிறார். நேரம் இரட்டிப்பு.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் மனேச்சரின் நாடியைக் காணவில்லை என்ற வரியைத் தாண்டும்போது உங்கள் வலக்கை விரல்கள் இடது மணிக்கட்டுக்குப் போய்விட்டதை நான் கவனிக்காமல் இல்லை. அகப்பட்டதா? சந்தோஷம். அவ்வளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவரின் கையை ஏன் இழுக்கிறீர்கள்?