துரைசாணியம்மா கூடை

வருஷாந்திரச் சோதனைக்காக எண்ணெய் ஆலைப் பாய்லரை அணைத்துவிட்டார்கள். பத்து நாளைக்கு நெருப்பே கிடையாது. பாய்லருக்குப் பின்னால், சூட்டுக் குழாயடியில், பொரித்து மூன்றே நாளான ஒன்பது கோழிக்குஞ்சுகள் இருந்தன.

ரகுபதி ஒன்பதையும் சட்டைக்குள் விட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் மார்பைப் பிடித்தபடி, திருவொற்றியூர்த் தெருவெல்லாம் நடந்து வீடு வந்து சேர்ந்தான். வழியில் பார்த்தவர்கள், பாவம், மனுஷனுக்கு நெஞ்சுவலி என்று ஒதுங்கி வழிவிட்டார்கள்.

"இன்னாய்யா, சட்டை கத்துது?" என்றாள் மனைவி மங்கை.

"மெல்லப் பேசு. துரைசாணியம்மா சொத்து இது."

சுதந்திரம் வந்து நாலு வருஷமாகியும் அந்த எண்ணெய் ஆலைக்கு மானேஜர் வெள்ளைக்காரத் துரைதான். அவர் மனைவிதான் துரைசாணியம்மா. ரகுபதி அங்கே பாய்லருக்குக் கரி தள்ளுகிறவன். ஆறு வருஷமாக டெம்பரவரி. ஒரு சனிக்கிழமை கேட்டுக்காரன் ஒரு பிரம்புக் கூடையைப் பாய்லர் ரூம் ஜன்னலில் வைத்தான். "துரைசாணியம்மா கூடை" என்று ஆரம்பித்தவன், வாசலில் லாரி அலறவே, மீதியைச் சொல்லாமல் ஓடிவிட்டான்.

கூடையில் வைக்கோல், வைக்கோல்மேல் பன்னிரண்டு முட்டை, அதன்மேல் நீலப் பூப்போட்ட துணி. துரைசாணியம்மா வளர்க்கும் வெள்ளைக் கோழிகள் ஊரறிந்தவை. சூட்டைப் பதமாக வைப்பதில் தனக்கிருக்கும் கைராசி பங்களாவரை எட்டிவிட்டது, அடைகாக்கத்தான் அனுப்பியிருக்கிறார்கள் என்று ரகுபதிக்குச் சந்தேகமறத் தெரிந்துவிட்டது. மேஸ்திரிக்குக்கூடச் சொல்லாமல் இருபத்தொரு நாள் குழாயடியில் வைத்து, தினம் மூன்று தடவை புரட்டிப்போட்டான். மூன்று கூமுட்டை போக, ஒன்பது பொரித்தன. பொங்கலுக்கு பர்மனென்ட் லிஸ்ட் வருகிறது. முட்டை கொடுத்த அம்மாவுக்குக் கோழியாகத் திருப்பிக் கொடுத்தால் தன் பெயர் லிஸ்டில் வராமல் எங்கே போய்விடும்?

வீட்டுக்கு வந்த முதல் காரியமாக, உமி பரப்பிய பழைய கூடைக்குள் குஞ்சுகளை விட்டு அரிக்கேன் விளக்கை ஏற்றி வைத்தான். உமி பற்றிக்கொண்டது. எதிர்வீட்டுக் குப்பம்மா ஓடிவந்து ஒரு குடம் தண்ணீரைக் கொட்டினாள். நெருப்பு அணைந்தது. குஞ்சுகள் நனைந்து விறைத்தன.

"செத்துடும் போலக் கீதே!" என்று ரகுபதி அழுதேவிட்டான்.

"தள்ளு நைனா" என்றபடி உள்ளே வந்தவர் லியோனார்ட்.

பக்கத்துப் போர்ஷனுக்குப் புதிதாகக் குடிவந்தவர். அதே துரை பங்களாவில் பதினெட்டு வருஷம் பட்லர். போன மாசம் திருட்டுப்பட்டம் கட்டி அனுப்பிவிட்டார்கள். எதைத் திருடினதாகச் சொன்னார்கள் என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். வெள்ளி ஸ்பூன் என்றாள் குப்பம்மா. கிராமபோன் பெட்டி என்றது தெரு.

லியோனார்ட் குஞ்சுகளைத் துடைத்து, செங்கல்லைச் சுட்டு, கோணியில் சுற்றி நடுவில் வைத்தார். "கல்லுமேல ஏறிக் குந்திக்கினா சூடு பத்தல. ஓரமா ஒதுங்கிச்சுன்னா சூடு ஜாஸ்தி. அத்தப் பாத்து மாத்திகினே இரு. யாரு வூட்டுக் குஞ்சு இது?"

"ஒரு பெரிய எடத்துது" என்றான் ரகுபதி. திருட்டுப்பட்டம் வாங்கியவனிடம் துரைசாணியம்மா பெயரைச் சொல்ல முடியுமா? லியோனார்ட் போனதும் முதல் வேலையாகக் குஞ்சுகளை எண்ணினான். ஒன்பது இருந்தன.

ஒரு வாரம் போயிற்று. குஞ்சுகளை மங்கையின் மூன்று கோழிகளோடு சேர்த்துவிடப் பார்த்தான். கோழிகள் கொத்தித் தள்ளின. ஒரு குஞ்சுக்கு மண்டையில் ரத்தம். "இங்க வா, வா" என்று ரகுபதி எவ்வளவு கூப்பிட்டும் குஞ்சுகள் அசையவில்லை. நீராவிச் சத்தத்தில் பொரித்த ஜன்மங்கள் அவை. "உஸ்ஸ்ஸ்" என்றான். ஒன்பதும் அவன் காலடிக்கு ஓடிவந்தன.

ஆனால் கோழிகளுக்கு உஸ்ஸென்றால் பாம்பு. மூன்றும் கூரை தாண்டிப் பறந்து குப்பம்மா வீட்டுச் சோற்றுப்பானையில் இறங்கின. அன்றிலிருந்து இரண்டு கோழிகள் முட்டையை நிறுத்திவிட்டன. கறுப்புக்கோழி மட்டும் அடைக்குப் படுத்துக்கொண்டு யாரைப் பார்த்தாலும் சீறியது.

"இன்னாய்யா பேஜாரு இது!" என்று மங்கை தலையில் அடித்துக்கொண்டாள். "ஊரான் கோழிக்கோசரம் என் கோழி பைத்தியமாவணுமா?"

மறுபடியும் லியோனார்ட்தான் வந்தார். "குஞ்சுங்கள அஞ்சு நாளு பஞ்சாரக் கூடைல கவுத்துப் போடு. கோழிங்க வெளியே நின்னு பாக்கட்டும், பாத்துப் பாத்துப் பழகட்டும். அப்பால வௌக்கு வெக்கிற நேரத்துல, ஒண்ணொண்ணா கறுப்பி ரெக்கைக்கடில சொருவு. காலைல பாத்து, தான் பொரிச்சதுன்னு நெனச்சுக்கும். நீ மட்டும் வாயத் தொறக்காத."

ஆறாம் நாள் காலை, கறுப்பியின் இறக்கைக்குள்ளிருந்து ஒன்பது தலைகள் எட்டிப் பார்த்தன. ரகுபதி லியோனார்டின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அவர் போன பிறகு எண்ணுகிற வழக்கத்தையும் அன்றோடு விட்டான்.

பொங்கலுக்கு முந்தின வாரம். ஒன்பதும் வெள்ளை வெளேரென்று வளர்ந்து நின்றன. ரகுபதி சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, பரணிலிருந்து பிரம்புக் கூடையையும் நீலப் பூப்போட்ட துணியையும் இறக்கி, லியோனார்டைக் கூப்பிட்டான்.

"அண்ணாத்தே, ஒன்னாண்ட இன்னா மறைக்கிறது! துரைசாணியம்மா என்னிய நம்பி அடைக்கு அனுப்பின முட்டை. நீயும் கூட வா. நீ இல்லன்னா ஒண்ணும் பொழச்சிருக்காதுன்னு அம்மாவாண்ட நானே சொல்றேன்."

லியோனார்ட் துணியை வாங்கி விரித்துப் பார்த்தார். ஓரத்துத் தையலை விரலால் தடவினார். பிறகு அதை நாலாக மடித்து, மெதுவாகக் கூடைக்குள் வைத்தார்.

"பங்களா அடுப்பக் கொத்தனாரு பிரிச்சுப் போட்டிருந்தான் நைனா, எண்ணூர் பிக்னிக்குக்கு அவிச்சு வாங்கியாரச் சொல்லி நான் கேட்டுக்காரன் கைல குடுத்தனுப்பின முட்டை இது, அவன் வாங்கவேயில்லன்னுட்டான், இதைத் திருடித் துன்னுட்டேன்னுதான் என்னிய வெரட்டினாங்க."