ஊசி தொடாத பின்னல் மேதை

கம்பளி நூல் கண்டுபிடிக்கப்பட்ட நாள் முதல் இன்றுவரை இப்பூவுலகில் தோன்றிய பின்னல் கலைஞர்களில் தலைசிறந்தவர் என் கணவர். மனைவி என்ற பாசத்தில் இதைச் சொல்லவில்லை; கண்ணால் கண்ட சாட்சி என்ற முறையில் சொல்கிறேன். அந்தப் பெயரை எடுக்கும்வரை அவர் பின்னல் ஊசியைத் தொட்டதே இல்லை என்று சிலர் குறை சொல்லக்கூடும். அற்பர்கள்! கோட்டை கட்டிய அரசன் கல் சுமந்தானா? அணை கட்டிய அமைச்சர் மண் வெட்டினாரா? கல்வெட்டில் யார் பெயர் இருக்கிறது என்பதல்லவா முக்கியம்?

மேதை அவர்கள் அட்டைப்பெட்டி தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் துணை மேலாளராக இருந்தார். அவர் மேசைக்கு வரும் வேலை எதுவும் அங்கே தங்காது. மேலிருந்து வந்தால் கீழே தள்ளுவார். கீழிருந்து வந்தால் மேலே தள்ளுவார். பக்கத்திலிருந்து வந்தால் விடுப்பு எடுத்துவிடுவார். இதற்கு 'நிர்வாகத் திறன்' என்று பெயர். வீட்டிலும் அந்தத் திறனைக் காட்டத் தவறியதில்லை. ஒருமுறை தண்ணீர் பிடிக்கும் வேலையை மகளிடம் தள்ளிப் பார்த்தார். அவள் அவருக்கே பிறந்தவள், நிமிர்ந்துகூடப் பார்க்காமல் என்னிடம் தள்ளிவிட்டாள். எனக்குக் கீழே யாரும் இல்லாததால் நான் பிடித்து வைத்தேன்.

இப்படியிருக்க, நிறுவனத்தில் வியாபாரம் படுத்தது. வியாபாரம் படுத்தால் பழைய காலத்து முதலாளிகள் வியாபாரத்தைக் கவனிப்பார்கள். இந்த முதலாளி நவீனமானவர். 'ஊழியர் மகிழ்ச்சிப் பிரிவு' ஒன்றைத் தொடங்கி, அதற்கு ஒரு மகிழ்ச்சி அதிகாரியையும் நியமித்தார். அந்த அம்மையார் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவருடைய முதல் சுற்றறிக்கை இப்படிச் சொன்னது: ஊழியர் ஒவ்வொருவரும் ஒரு பொழுதுபோக்கு வைத்திருத்தல் வேண்டும், பொழுதுபோக்கு இல்லாதவர் 'முழு மனிதர்' ஆகார், ஆள்குறைப்பின்போது இது தக்கவாறு கவனத்தில் கொள்ளப்படும்.

மேதை பேயறைந்த முகத்தோடு வீட்டுக்கு வந்தார்.

"உங்களுக்கு என்னதாங்க பிடிக்கும்?" என்றேன்.

"சோபால படுத்துக்கிட்டு டிவி பாக்கிறது."

"அதையே எழுதிடுங்களேன்."

"அதை மேலாளர் எழுதிட்டாராம். ரெண்டு பேர் ஒண்ணையே எழுதக் கூடாதாம்."

"குளிக்கிறப்ப பாடுவீங்களேப்பா?" என்றாள் மகள்.

"அது நல்லா இருக்குமா?"

"நல்லா இருக்கும்னு நான் சொல்லலையே. பாடுவீங்கன்னுதான் சொன்னேன்."

அவர் கைப்பேசியில் அலுவலகம் அனுப்பிய படிவத்தைத் திறந்து வைத்துக்கொண்டு என்னையே வெகுநேரம் பார்த்தார். கல்யாணமான புதிதில் பார்த்த பார்வை. எனக்கு வெட்கம்கூட வந்துவிட்டது. பிறகுதான் தெரிந்தது, அவர் பார்த்தது என்னை அல்ல, என் கையை. 'பின்னல்' என்று தட்டிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட வந்தார். அந்த நேரத்தில் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தால் சமையல் கலைக்கு ஒரு மேதை கிடைத்திருப்பார்.

என் கையில் அப்போது இருந்தது ஒரு நீலக் கோட்டு. அடுத்த தெருவில் கைவினைக் கடை வைத்திருக்கும் ஓர் அம்மாவுக்குப் பின்னல் சொல்லித்தர ஓர் ஆசிரியை தேவைப்பட்டது. சில நாள் முன்பு, நான் முடித்திருந்த கோட்டின் ஒரு கையை மட்டும் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் அதை உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "கோட்டை முழுசா முடிச்சுக் கொண்டு வாங்க. வேலை உங்களுக்குத்தான்" என்றார். வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்து அவரிடம் சொன்னேன். அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் "ம்" என்றார். அந்த 'ம்' எப்படிப்பட்டது என்று திருமணமானவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஆண் ஒருவர் பின்னுகிறார் என்றதும் மகிழ்ச்சி அதிகாரி மகிழ்ந்தார். அதாவது, தலையை அசைத்தார். சமுதாயத் தடைகளை உடைத்தெறிந்த துணை மேலாளர் என்று நிறுவனத்தின் செய்தி மடலில் அவர் படம் வந்தது. அடுத்த நாளே அவர் பின்னியதில் ஒன்றை மாதிரிக்குக் கேட்டுவிட்டார்கள்.

"இந்தா பாரு, முதலாளி ரூம்ல ஏசி பயங்கரமா இருக்கு. அவர் தலையோ பளிங்குத் தரை. அவருக்கு ஒரு குல்லாவும் மஃப்ளரும் பண்ணிடு. இந்த நீலத்துலயே பண்ணு, அவருக்குப் பிடிச்ச கலர்" என்றார் மேதை.

"இது கோட்டுங்க. பாதிக்கு மேல முடிஞ்சிடுச்சு."

"பாதிதானே? முழுசா முடிஞ்சிருந்தாத்தான் பிரிக்க மனசு வராது."

"எனக்கு இப்பவே வரல."

"ஆள்குறைப்புல என் பேர் வந்துச்சுன்னா குடும்பமே நடுத்தெருவுல நிக்கும். அப்புறம் உன் இஷ்டம்."

'உன் இஷ்டம்' என்று சொல்லிவிட்டால் இஷ்டம் நம்முடையதல்ல என்று அர்த்தம். உட்கார்ந்து பிரித்தேன். கழுத்து, முதுகு, அந்த அம்மா திருப்பிப் பார்த்த அந்தக் கை. எல்லாம் சரசரவென்று நூலாகி மடியில் விழுந்தது. அழுகை வந்தது. அழுதேன். அதைக் கவனித்த மேதை, "கண்ணு எரியுதா? லைட்டைப் போட்டுக்கயேன்" என்று பரிவோடு சொன்னார்.

முதலாளிக்குக் குல்லா போடும் ஊழியர்கள் எல்லா அலுவலகத்திலும் உண்டு. நிஜமாகவே போட்டவர் என் கணவர்தான். முதலாளி அதைக் கழற்றவே மறுத்துவிட்டார். அதைப் பார்த்துத் துறைத்தலைவர்கள் சும்மா இருப்பார்களா? அவர்கள் தலையும் குளிரத் தொடங்கியது. மேதை தினமும் நூல்கண்டுகளோடு வீடு திரும்பினார். சோபாவில் 'ஆய்வுக் கூட்டம்' நடத்தினார். "முன்னேற்றம் எப்படி?" என்பார். "தரத்துல சமரசம் கூடாது" என்பார். ஒருநாள் கணக்குப் பிரிவுக் குல்லாவைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "என்னுடைய பழைய நேர்த்தி இதுல இல்லையே" என்றார்.

"அப்பா, அந்த ஊசி எந்தப் பக்கம் கூர்னாவது தெரியுமா?" என்று மகள் கேட்டாள்.

"ஒரு தலைவனுக்கு அது தெரிய வேண்டிய அவசியம் இல்லம்மா."

'ஆண்டின் சிறந்த பொழுதுபோக்காளர்' விருது விழாவுக்கு நானும் போயிருந்தேன். மேடையில் விருதும் மாலையும் கிடைத்ததும் மேதை நெகிழ்ந்துபோனார். "இந்தக் கலையில் என் மனைவியின் பங்கையும் மறக்க முடியாது. நான் பின்னும்போது பக்கத்தில் உட்கார்ந்து நூல்கண்டைப் பிடித்துக்கொள்வாள்" என்றார். எழுந்து நிற்கச் சொன்னார்கள். நின்றேன். நூல்கண்டு பிடித்ததற்காக எனக்கும் கைதட்டினார்கள்.

மகிழ்ச்சி அதிகாரி அருகில் வந்து, "மேடம், நீங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மேதை முந்திக்கொண்டார். "அவ வீட்ல சும்மாதான் இருக்கா."

ஆள்குறைப்பு வந்தது. முதலாளி மேதையைத் தனியாகக் கூப்பிட்டார். குல்லா தலையில் இருந்தது.

"எனக்கு ராத்திரி தூக்கமே வர மாட்டேங்குது" என்றாராம் முதலாளி. "இவ்வளவு பெரிய கலைஞனை அட்டைப்பெட்டிக்குள்ள அடைச்சு வெச்சிருக்கேனேன்னு மனசு உறுத்துது. பொழுதுபோக்கே இல்லாதவனை அனுப்பினா பாவம், அவன் எங்க போவான்? உங்களுக்கு உலகமே காத்திருக்கு. போய்ட்டு வாங்க."

பொழுதுபோக்கு என்ற இடத்தில் 'ஒன்றுமில்லை' என்று எழுதியிருந்த ஒரே ஆளை மனிதாபிமான அடிப்படையில் துணை மேலாளராக்கினார்கள். ஆக, சுற்றறிக்கை பொய் சொல்லவில்லை. எல்லாம் தக்கவாறு கவனத்தில் கொள்ளப்பட்டது. மேதை தம் பொருட்களை ஓர் அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தார். நல்ல உறுதியான பெட்டி.

முதலாளியைக் கல்நெஞ்சர் என்று நினைத்துவிடாதீர்கள். வேறு வேலைக்கும் அவரே ஏற்பாடு செய்திருந்தார். "அவரோட தங்கச்சி கைவினைக் கடை வெச்சிருக்காங்களாம். அடுத்த தெருதான். பின்னல் சொல்லித்தர ஆள் இன்னும் கிடைக்கலையாம். நாளைக்கே வந்து பின்னிக் காட்டணுமாம்" என்றார் மேதை.

என் கையிலிருந்த கரண்டி நின்றுவிட்டது. "அந்தக் கடையா?" என்றேன்.

"உனக்குத் தெரியுமா? நல்லதாப் போச்சு. நீயும் வா. நீ கொஞ்சம் பின்னிக் காட்டு, நான் விளக்கம் சொல்றேன். வேலை கிடைச்சதும் தினமும் ரெண்டு பேருமே போயிடலாம்."

"சம்பளம்?"

"சம்பளம் ஒருத்தருக்குத்தான். ஆசிரியர் ஒருத்தர்தானே?"

போனேன். போகாமல் என்ன செய்வது? வீட்டில் வேறு வருமானம் இல்லை. ஊசியை எடுத்தால் அடுப்பு எரியும். ஆனால் நான் சாகும்வரை அவர் பெயரில் பின்னிக்கொண்டிருக்க வேண்டும். வழி நெடுக இதையே நினைத்துக்கொண்டு நடந்தேன். மேதை பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.

கடைக்கார அம்மா என்னைப் பார்த்ததும், "வாங்க வாங்க. அந்த நீலக் கோட்டு என்னாச்சு? இன்னிக்கு வருவீங்க, நாளைக்கு வருவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றார்.

"எந்தக் கோட்டு?" என்று மேதை என்னைப் பார்த்துக் கேட்டார். நடிக்கவில்லை. உண்மையாகவே மறந்துவிட்டிருந்தார்.

அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இரண்டு ஊசிகளையும் ஒரு நூல்கண்டையும் கொண்டுவந்து மேதையிடம் கொடுத்தார். "அண்ணன் உங்களைப் பத்தி ரொம்பச் சொன்னாருங்க. ஆரம்பிங்க."

மேதை ஊசிகளை வாங்கினார். கனம் பார்த்தார். ஆழ்ந்து மூச்சு விட்டார். பிறகு, இத்தனை வருடப் பழக்கத்தில் கை தானாகவே என் பக்கம் நீண்டது. "ம், ஆரம்பி" என்றார்.

நான் ஊசிகளை விட்டுவிட்டு நூல்கண்டை மட்டும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"என்ன சும்மா உக்காந்திருக்கே?" என்று பல்லைக் கடித்தார்.

"நான் எப்பவும் சும்மாதானேங்க இருக்கேன்? நீங்க பின்னுங்க. நான் பிடிச்சுக்கிறேன்."

அவர் பின்னினார். வலது ஊசியால் இடது ஊசியைக் குத்தினார். நூல் சுண்டுவிரலைச் சுற்றிக்கொண்டது. விடுவிக்கப் போன கையையும் சுற்றிக்கொண்டது. வேர்த்துக் கொட்டியது. "ஏசி இல்லாத இடத்துல எனக்குக் கை ஓடாது மேடம்" என்றார்.

கடைக்கார அம்மா அவரிடம் எதுவும் கேட்கவில்லை. என்னிடம்தான் கேட்டார். "அந்தக் கோட்டு இப்ப எங்கம்மா இருக்கு?"

"உங்க அண்ணன் தலையில" என்றேன்.

அவர் மேதையின் விரல்களிலிருந்து நூலைப் பொறுமையாக விடுவித்து, ஊசிகளை என் கையில் கொடுத்தார். என் மடியிலிருந்த நூல்கண்டை எடுத்து மேதையின் மடியில் வைத்தார். "நீங்க ஆரம்பிங்க டீச்சர். சார் இதைப் பிடிச்சுக்கட்டும்."

நடுநிலையோடு சொல்கிறேன், நன்றாகவே பிடித்தார். ஒருமுறைகூடக் கீழே விடவில்லை. எங்கள் மகள் கல்லூரிக்குப் போகும் வயதுக்கு வந்துவிட்டாள். இத்தனை வருடத்தில் என் வேலை ஒன்றுக்கு அவர் கை கொடுத்தது அதுதான் முதல் தடவை.