அசையாமைக் கண்காணிப்புக் குழு

நெருப்பைக் கண்டுபிடித்தவர்கள் உண்டு, சக்கரத்தைக் கண்டுபிடித்தவர்கள் உண்டு. சும்மா இருப்பதைக் கண்காணிக்க ஒரு குழு அமைத்த பெருமை மட்டும் அந்த ஆராய்ச்சி நிறுவனத்தையே சேரும்.

தேவை உண்மையானதுதான். மூன்றாவது மாடி ஆய்வகத்தில் ஆய்வு மாணவி ஒருத்தி ஒரு படிகம் வளர்த்துக்கொண்டிருந்தாள். நியோடிமியம் என்ற அருமண் உலோகத்தின் ஆக்சைடை அமிலத்தில் கரைத்து, வடிகட்டி, சுண்டவைத்து, அந்த இளஞ்சிவப்புக் கரைசலில் நூலில் கட்டிய விதைப் படிகம் ஒன்றைத் தொங்கவிட்டிருந்தாள். ஒவ்வொரு உலோக அணுவையும் தண்ணீர் மூலக்கூறுகள் எப்படிச் சூழ்ந்து பிடித்திருக்கின்றன என்பதை எக்ஸ்ரே காட்டிவிடும். அதற்குப் பழுதில்லாத ஒற்றைப் படிகம் வேண்டும். படிகத்துக்கு அசையாத மேஜை வேண்டும்; அதிர்ந்தால் ஒற்றைப் படிகத்துக்குப் பதில் பொடிதான் மிஞ்சும். அவளுடைய ஆய்வுக்காலமோ இந்த மாதத்தோடு முடிகிறது. படிகம் இல்லையென்றால் பட்டம் இல்லை.

"உன் செல்லம் எவ்வளவு வளந்திருக்கு?" என்று கணவன் போனில் கேட்பான்.

"அரிசி அளவு. மூச்சு விடாம பாத்துக்கிட்டிருக்கேன்."

"என்னை ஒருநாளாவது இப்படிப் பாத்திருக்கியா?"

"நீங்க ஒரு இடத்துல இருந்தாத்தானே!"

அவள் செய்த ஒரே தப்பு, மேஜையை யாரும் தொடாமல் இருந்தால் நல்லது என்று இயக்குநரிடம் சொன்னதுதான். அவர் உருகிப்போனார். உடனே ஒன்பது பேர் கொண்ட 'அசையாமைக் கண்காணிப்புக் குழு' பிறந்தது. ஒன்பது பேரும் வேதியியலில் முனைவர்கள். குழு கூடியது, டீ குடித்தது, கலைந்தது, மறுபடி கூடியது. கடைசியில் ஓர் அரிய முடிவெடுத்தது: மேஜைக்கு மேலே சுவரில் 'அசைக்காதீர்' என்று பித்தளைப் பலகை மாட்டுவது.

குழு ட்ரில்லோடு வந்து நின்றபோது அவள் மேஜைக்குக் குறுக்கே போய் நின்றாள்.

"சார், என்ன இது?"

"உன் பாதுகாப்புக்குத்தாம்மா. நாலே ஓட்டை."

"மேஜையே சுவத்துல பதிச்சதுதானே சார்! அதிர்ந்தா எல்லாம் போச்சு!"

"பயப்படாதே, நாங்க புடிச்சுக்கிறோம்."

ஒன்பது பேரும் சூழ்ந்து நின்று, கடமை தவறாமல் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்கள். ட்ரில் அலறியது. மேஜையோடு ஒன்பது தொப்பைகளும் ஒரே தாளத்தில் அதிர்ந்தன.

"நிறுத்துங்க!"

அவள் கத்தியபோது கரைசல் முழுவதும் பொடிப்பொடியாகப் படிகங்கள் கொட்டிக்கொண்டிருந்தன. அரிசி அளவு வளர்ந்த அவள் செல்லத்தின் மேல் சொறி பிடித்ததுபோல் ஆயிரம் குருணைகள் ஒட்டிக்கொண்டன. இனி எந்த எக்ஸ்ரேயும் அதில் எதையும் படிக்காது. குழு தலையைச் சாய்த்து, பலகை கோணலாக இல்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தது.

விசாரணை நேர்மையாக நடந்தது. நடத்தியதும் அதே குழுதான். விஷயம் தெரிந்தவர்கள் வேறு யார்? இயக்குநர் அவளைக் கூப்பிட்டு, பெற்ற அப்பாவின் குரலில் முடிவைச் சொன்னார்.

"நீ கத்தினதாலதான் கரைசல் கெட்டுப்போச்சுன்னு குழு ஏகமனதா சொல்லுதும்மா. கால நீட்டிப்பெல்லாம் கஷ்டம்."

"ட்ரில் போட்டாங்களே சார்?"

"அது முறைப்படி அனுமதி வாங்கின சத்தம்."

அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு போன பிறகு அந்த மேஜையின் மேல் அசைவதற்கு எதுவுமே மிச்சமில்லை. இந்த மாபெரும் வெற்றியைப் பாராட்டி, அவளுக்குக் கிடையாது என்று சொன்ன கால நீட்டிப்பை நிறுவனம் குழுவுக்கு வழங்கியது.