புரட்டாசிச் சனியன்று எரிந்த மஞ்சள் விளக்கு

நகரி,
திங்கட்கிழமை.

மகா ராஜ ராஜ ஸ்ரீ மாப்பிள்ளை சந்துரு அவர்களுக்கு, மாமனார் தணிகைவேல் ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் உங்கள் அத்தை கங்கம்மாளும் சௌக்கியம், காரும் சௌக்கியம். அவ்விடம் உங்கள் கோபம் சௌக்கியமா என்று அறிய ஆவல்.

போன் செய்தால் நான் வாயைத் திறந்ததுமே வெச்சிடறீங்க. கடுதாசியை அப்படி வைக்க முடியாது இல்லையா, அதான் எழுதுகிறேன். காரை ரோட்டில் தள்ளின கதையை என் மகள் ரேகா சொல்லக் கேட்டு, வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டு போவேன் என்றீர்களாம். பிடுங்குவதற்கு முன்னால் நடந்ததைக் கேளுங்கள்.

சனிக்கிழமை காலையில் திருப்பதிக்குக் கிளம்பினோம். நகரி தாண்டியதும், ஸ்டியரிங்குக்கு மேலே நீங்கள் ஒட்டி வைத்த பெருமாளுக்கு நேர் கீழே மஞ்சளாய் ஒரு விளக்கு எரிந்தது. காரைக் கொடுத்த அன்று ஏசி, பாட்டு, சீட்டைப் படுக்க வைப்பது எல்லாம் காட்டினீங்க, இந்த விளக்கை மட்டும் காட்டலை. புரட்டாசி சனி, யாரும் ஏத்தாத விளக்கு, அதுவும் பெருமாள் காலடியில. உங்க அத்தை கன்னத்துல போட்டுக்கினா. புத்தூர் பங்க்குல வண்டியைத் திருப்பினேன். பெட்ரோல் போட்டா அந்த லைட்டு அணைஞ்சிடும்னு பங்க்குக்காரர் விவரமா சொன்னார். வந்தது வினை.

"பெருமாள் ஏத்துன விளக்க நாம அணைக்கிறதா? அடிவாரம் போற வரிக்கும் எரிஞ்சிகினே இருக்கட்டும். நீ வண்டிய எடுய்யா" என்றாள்.

எடுத்தேன். ரேகா சொன்னால் நீங்கள் எடுப்பதில்லையா?

புத்தூரில் கை கால் உடைந்தால்தான் கட்டுப் போடுவார்கள், பெட்ரோல் தீர்ந்த காருக்குக் கட்டு கிடையாது. வடமாலப்பேட்டை தாண்டி இரண்டு தடவை விக்கி, நின்றேவிட்டது. விளக்கு மட்டும் ஜம்முனு எரியுது. அந்த நேரம் பார்த்து, மஞ்சத்துணி கட்டிக்கினு திருமலைக்கு நடந்து போற கூட்டம் ஒண்ணு வந்தது. உங்க அத்தை இறங்கி விளக்கு சமாச்சாரத்தைச் சொன்னா. அவ்வளவுதான், "கோவிந்தா"ன்னு ஒரு குரல், கார் கிளம்பிடுச்சு. நான் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, மறு கையால் ரோட்டோரம் இருந்தவர்களை ஆசீர்வாதம் செய்துகொண்டே போனேன். எதிரே வந்த பஸ் டிரைவர் தலையை நீட்டி, "தாத்தா, ரதமா இதி?" என்று தெலுங்கில் கேட்டார். ஆமாம் என்றுவிட்டேன்.

அடுத்த பங்க்கில், தள்ளின அத்தனை பேரும் ஜன்னல் வழியாக விளக்கைக் கும்பிட்டு, உங்கள் அத்தை கட்டிக்கொண்டு வந்த பொங்கலை வாங்கிக்கொண்ட பிறகுதான் பெட்ரோல் போட விட்டாள். மலைமேல்கூட அத்தனை ஒழுங்கான வரிசையை நான் பார்த்ததில்லை.

ஆகையால் மாப்பிள்ளை, தப்பு, விளக்கைக் காட்டாத உங்களுடையது. இருந்தாலும் மன்னித்துவிட்டேன். மஞ்சள் எரிந்தால் பங்க்கைத் தேடு, சிவப்பு எரிந்தால் ஓரங்கட்டி நிறுத்து என்று ரேகாவிடம் கற்றுக்கொண்டாயிற்று. இனி டேங்க் எப்போதும் நிறைந்தே இருக்கும். சாவியை மட்டும் விட்டுவையுங்கள். உங்கள் இருவருக்கும் ஏழுமலையான் ஒரு குறையும் வைக்க மாட்டான்.

இப்படிக்கு,
கார் ஓட்டத் தெரிந்த உங்கள் மாமன்,
தணிகைவேல்

பின்குறிப்பு: மேலே இருக்கிறது உங்க அத்தை பக்கத்துல குந்திக்கினு இருக்கறப்போ எழுதினது. இப்போ கடைக்குப் போயிருக்கா. அது பெட்ரோல் விளக்குன்னு பாத்ததுமே எனக்குத் தெரியும் மாப்ளே. பெருமாள் விளக்குன்னு முதல்ல சொன்னதே நான்தான். எப்பவும் கார்ல ஏறினா, மெதுவா போ, லாரி வருது, பிரேக்கப் புடின்னு ஒரு நிமிஷம் வாய் ஓயமாட்டா. அன்னிக்கு விளக்கப் பாத்துக்கினு, கையக் கூப்பிக்கினு, பேசாம வந்தா. அதனால சாவிய விட்டுவெக்கறதா இருந்தா, பெட்ரோலை மட்டும் கொஞ்சம் கம்மியா வெச்சுட்டுப் போங்க.