இரண்டு அங்குலம்

டேப் முப்பத்தெட்டில் வந்து நின்றது. தையல்காரி மூச்சை உள்ளே இழுத்தாள். முப்பத்தேழு.

"மூச்சை விடும்மா. யாரும் போட்டோ எடுக்கலை," என்றார் கணவர். பஸ் ஓட்டக் கிளம்பியவர், வாசலில் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்க முதல்ல கிளம்புங்க."

அவர் போனதும் படிவத்தில் முப்பத்தைந்து என்று எழுதினாள்.

படிவம் தெருக்கோடி கிளினிக்கினுடையது. சர்க்கரை 'பார்டர்லைன்' என்று வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்திருந்தார்கள். எல்லைக்கோட்டில் நிற்கிற எல்லோரும் அந்தப் பக்கம் போய்விடுவதில்லை. சிலர் அங்கேயே நிற்பார்கள், சிலர் திரும்பியும் வருவார்கள். யாருக்கு ஐந்து வருடத்தில் நோய் வரும் என்று, வயது, இடுப்பளவு, நடை, குடும்பம் எல்லாவற்றையும் பார்த்துக் கம்ப்யூட்டர் நூற்றுக்கு இத்தனை எனச் சொல்லும். இருபதைத் தாண்டினால் வாராவாரம் வகுப்பு, மூன்று மாதத்துக்கு ஒரு பரிசோதனை. தாண்டாவிட்டால் அடுத்த வருடம் வந்தால் போதும்.

அவளுடைய அக்காவும் தையல்காரியாக இருந்தவள்தான். சர்க்கரை கண்ணைத் தொட்ட பிறகு ஊசித்துளை தெரியாமல் போய், மெஷினை விற்றுவிட்டாள். 'குடும்பத்தில் யாருக்காவது உண்டா?' என்ற இடத்தில் 'அக்கா' என்று இவள் உண்மையைத்தான் எழுதினாள். ஒரு கேள்விக்கு உண்மை சொன்னால், இன்னொன்றில் கொஞ்சம் சலுகை எடுத்துக்கொள்ளலாம் என்று ஏனோ தோன்றியது.

அன்று மதியம் எதிர்வீட்டு டீச்சர் தன் படிவத்தோடு வந்தாள்.

"அக்கா, அந்த நர்ஸ் அளந்தா வரிசையில நிக்கறவங்களுக்கெல்லாம் கேக்கற மாதிரி நம்பரைக் கத்தறா. நீங்களே அளந்து எழுதிக் குடுத்துடுங்க. உங்களுக்குத் தெரியாத இடுப்பா?"

தையல்காரிக்கு ஒரு தொழில் மரியாதை உண்டு. இடுப்பளவை வாயால் சொல்லும்போது இரண்டு அங்குலம் குறைப்பாள். நோட்டில் மட்டும் உள்ளபடியே எழுதி, அதன்படி வெட்டுவாள். இருபது வருடத்தில் ஒரு துணியும் இறுக்கியதில்லை, ஒருத்தியும் முகம் வாடிப் போனதில்லை.

"முப்பத்துநாலு," என்றது வாய், பழக்கத்தில். கை அதையே படிவத்தில் எழுதிவிட்டது. நோட்டில் முப்பத்தாறு.

டீச்சர் நாலு பேரிடம் சொன்னாள். வாரக் கடைசிக்குள் பதினொரு படிவங்கள் அவள் கையெழுத்தில் கிளினிக்குக்குப் போயின. அவளுடையதையும் சேர்த்தால் பன்னிரண்டு.

முடிவு வந்த மறுநாள் டீச்சர் கேக்கோடு வந்தாள்.

"எனக்கு நூத்துக்கு ஒன்பதுதானாம்! உங்களுக்கு?"

"பதினேழு."

"அப்போ நீங்களும் தப்பிச்சீங்க. வாயைத் திறங்க."

கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது என்று தையல்காரி முந்தின இரவே நிம்மதியாகத் தூங்கியிருந்தாள். கம்ப்யூட்டருக்குச் சொன்னது யார் என்பது அவளுக்கு மறந்தேபோயிருந்தது. ஆனால் டீச்சர் இரண்டாவது துண்டை எடுத்தபோது, அக்கா விற்ற மெஷின் நினைவுக்கு வந்தது. இவள் கண் போனால் அந்தப் பாவம் யாருடையது?

"டீச்சர், என் டேப் பழசு. இழுத்து இழுத்து நீண்டுபோச்சு. ரெண்டு இஞ்சு குறைச்சுக் காட்டியிருக்கும் போல."

டீச்சர் மெல்லுவதை நிறுத்தினாள். "அப்போ இத்தனை வருஷமா தைச்ச துணியெல்லாம்?"

மறுநாள் காலையில் வாசலில் ஏழு மூட்டைகள். நேற்றுவரை யாருக்கும் உறுத்தாத துணிகள் இன்று எல்லோருக்கும் இறுக்கிப் பிடித்தன. ஒருத்திக்கு அக்குளில், ஒருத்திக்குக் கழுத்தில். இடுப்பை அளந்த டேப்புக்குக் கழுத்து என்ன செய்தது என்று கேட்கும் நிலையில் அவள் இல்லை.

புது டேப் வாங்கி, எல்லோரையும் திரும்ப அளந்து, இந்த முறை நோட்டில் இருந்ததையே வாயாலும் சொன்னாள்.

"முப்பத்தாறா? அப்போ அந்த ஒன்பது பொய்யா?" என்றாள் டீச்சர். அன்றோடு சாப்பாட்டை நிறுத்தினாள். மூன்றாம் நாள் கணக்கு வகுப்பில் கரும்பலகையைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்தாள். பிள்ளைகளுக்கு அரை நாள் விடுமுறை கிடைத்தது.

"நீ அளந்தது போதும்," என்றார் கணவர். "நோட்டை எடுத்துக்கிட்டுப் போய் நர்ஸ்கிட்ட உண்மையைச் சொல்லிடு."

கிளினிக்கில் நர்ஸ், தையல்காரி போன மாதம் தைத்துக் கொடுத்த யூனிஃபார்மில் உட்கார்ந்திருந்தாள். தோள் தையல் சுருக்கமில்லாமல் இருந்தது. அதைப் பார்த்ததும் கொஞ்சம் தைரியம் வந்தது. நோட்டைத் திறந்து, பதினொரு பேரின் நிஜ அளவையும் ஒவ்வொன்றாக வாசித்தாள்.

அவளுடைய அளவு நோட்டில் இல்லை. தன் துணியை அவள் கண்ணளவில் வெட்டிக்கொள்வாள். நோட்டில் இல்லாததை எப்படி வாசிப்பது? இது பொய்யில்லை, விடுபட்டது மட்டும்தான் என்று பக்கத்தை மூடினாள்.

நர்ஸ் சிரித்தாள். "இதுக்கா இவ்வளவு வேர்த்திருக்கீங்க? எனக்கும்தான் முப்பதுன்னு சொல்லிட்டு முப்பத்திரண்டுக்குத் தைச்சுக் குடுத்தீங்க. என்கிட்டயும் டேப் இருக்குதுல்ல? உங்க கையெழுத்தைப் பார்த்ததும் எல்லாருக்கும் ரெண்டு இஞ்சு கூட்டித்தான் கம்ப்யூட்டர்ல போட்டேன். டீச்சருக்கு நெஜமாவே ஒன்பதுதான். போய்ச் சாப்பிடச் சொல்லுங்க."

ஒரு வாரமாக நெஞ்சில் விழுந்திருந்த முடிச்சு அவிழ்ந்தது. தையல்காரி நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டாள்.

"அக்கா," என்று நர்ஸ் பின்னாலிருந்து, வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி கூப்பிட்டாள். "உங்களோடதை மட்டும் நீங்க எழுதினபடியே போட்டுட்டேன். தன் இடுப்பைத் தானே யாராவது குறைச்சு எழுதுவாங்களா?"