மீதியை மணந்தவன்

மனிதகுலம் இதுவரை கண்டெடுத்த நீதிகளிலேயே அப்பழுக்கில்லாதது மீதிதான். நீதி தேவதைக்காவது கண்ணைக் கட்ட ஒரு முழத் துணி வேண்டும். மீதிக்குக் கண்ணே கிடையாது. இந்தப் பேருண்மையை உலகுக்கு வழங்கியவர், பிறப்பு இறப்பு திருமணப் பதிவு அலுவலகத்தின் பதிவாளர். அவருடைய பெருமையைச் சொல்ல வேண்டுமென்றால், அதனால் பயனடைந்த ஒருவனின் கதையைச் சொன்னால் போதும்.

அவன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான். எதையும் தெளிவாகப் பார்த்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நம்புகிறவன். அவனுக்கும் ஒரு பேருந்து நடத்துநருக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி வாங்க வந்தவள், சட்டம் பிடிக்கவில்லை, மூக்கில் அழுத்துகிறது என்று திரும்பத் திரும்ப வந்து, கடைசியில் கடைக்காரனையே பிடித்துப்போனதாக ஒப்புக்கொண்டாள். பெரிய சடங்கு எதுவும் வேண்டாம், பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டால் போதும் என்று இருவரும் முடிவு செய்தார்கள். வாடகைக்கு இரண்டு அறை பார்த்தாயிற்று. வீட்டுக்காரர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். கல்யாணமானவர்களுக்கு மட்டும்தான் வீடு. சான்றிதழைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

அவர்கள் போன சமயத்தில்தான் பதிவாளர் தமது 'தொடர்மீதித் திட்டத்தை'த் தொடங்கியிருந்தார். அதற்கு முன்பு அவர்மீது ஒரு புகார் உண்டு. தெரிந்தவர்களை முன்னால் விடுகிறார் என்று யாரோ எழுதிப் போட்டுவிட்டார்கள். கணிதத்தில் தங்கப்பதக்கம் வாங்கிய மனிதர் அவர். நொந்துபோனார். விடுப்பில் போய் யோசித்தார். திரும்பி வந்தபோது முகத்தில் ஒரு ஒளி இருந்ததாக எழுத்தர்கள் சொல்கிறார்கள்.

திட்டம் எளிமையானது. முதல் நாள், வந்த கூட்டத்தை ஒன்றால் வகுக்க வேண்டும். இரண்டாம் நாள் இரண்டால், மூன்றாம் நாள் மூன்றால். ஏழாம் நாள் என்றால் ஏழேழு பேராக எண்ணி உள்ளே அனுப்புவார்கள். முழு ஏழு சேராமல் கடைசியில் நிற்பவர்கள் மீதி. அவர்கள் 'மீதியர் அறை'க்குப் போய், மறுநாள் கூட்டத்தோடு சேர வேண்டும். உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த அறைதான் அது. பெயர்ப்பலகை மட்டும் புதிது. எதற்கு நாளுக்கு ஒரு எண் என்று ஓர் எழுத்தர் கேட்டாராம். ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டால் அந்த எண்ணுக்குச் சலுகை காட்டியதாகும் என்றார் பதிவாளர். எழுத்தர் வெட்கித் தலைகுனிந்தார்.

வாசலில் ஒரு கரும்பலகை. மேலே அன்றைய மீதி, கீழே அதுவரை வந்த மீதிகளின் கூட்டுத்தொகை. மீதி ஏறும், இறங்கும். கூட்டுத்தொகை ஒருநாளும் இறங்காது. பதிவாளர் தினமும் அதைத் தம் கையாலேயே எழுதினார். சுண்ணக்கட்டி பிடித்த விரலைக் கழுவாமலே வீட்டுக்குப் போவார்.

கண்ணாடிக்காரன் அறிவிப்பை முழுக்கப் படித்துவிட்டு மெய்சிலிர்த்தான். இதில் ஓர வஞ்சனைக்கு இடமே இல்லை என்று அவளிடம் சொன்னான். அவள் வரிசையைப் பார்த்தாள். வரிசைகளில் எப்போதும் பின்னால் தள்ளப்படுகிறவன் அவன் என்பது அவளுக்குத் தெரியும். தொழில் பழக்கத்தில், "முன்னால போ, முன்னால போ" என்று அவன் முதுகில் கைவைத்துத் தனக்கு முன்னே நிறுத்தினாள். வாழ்க்கையில் அவள் செய்த ஒரே தவறு அதுதான்.

அன்று ஏழாம் நாள். வரிசையில் இருபத்தேழு பேர். அவன் இருபத்தொன்றாவது ஆள். அவள் இருபத்திரண்டு. அவனை உள்ளே விட்டதும் கதவு சாத்தப்பட்டது.

உள்ளே எழுத்தர் பேனாவைத் திறந்தார்.

"சார், பொண்ணு வெளியில நிக்குது. எனக்கு அடுத்த ஆள்தான்."

"அடுத்த ஆளோ ஆறாவது ஆளோ, மீதி மீதிதான்."

"அப்ப நானும் வெளிய போயிடறேன். நாளைக்கு ரெண்டு பேரும் சேர்ந்து வர்றோம்."

எழுத்தர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவனை வருத்தத்தோடு பார்த்தார். "நீங்க போயிட்டா இந்த ஏழு ஆறாயிடும். ஆறு பேருக்கும் வேலை நின்னுபோகும். உங்க ஒருத்தர் சௌகரியத்துக்காக ஆறு குடும்பத்தைக் கெடுக்கலாமா?"

மற்ற ஆறு பேரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அதில் ஒருவர் தாயாரின் இறப்பைப் பதிய வந்தவர். அப்போதுதான் அழுது முடித்திருந்தார். கண்ணாடிக்காரன் கையெழுத்துப் போட்டான். மணமகள் என்ற இடத்தில் யாருடைய பெயரை எழுதுவது என்று எழுத்தர் உள்ளே போய்ப் பதிவாளரைக் கேட்டுவிட்டு வந்தார். வந்து, அழகான கையெழுத்தில் 'மீதி' என்று எழுதி முத்திரை குத்தினார்.

வெளியே வந்து அதை அவளிடம் காட்டினான். அவள் இரண்டு முறை படித்தாள். "உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. எனக்கு ஆகல. அவ்வளவுதானே?" என்று கேட்டுவிட்டு, மீதியர் அறைக்குள் போய்க் கால் உடையாத நாற்காலி ஒன்றைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தாள். கரும்பலகையில் மீதி ஆறு என்றும் கூட்டுத்தொகை பதினேழு என்றும் பதிவாளர் எழுதிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்காரர் சட்டத்தை மதிக்கிற மனிதர். சான்றிதழைப் பார்த்தார். கண்ணாடிக்காரன் கல்யாணமானவன், ஆகவே குடிவரலாம் என்றார். அந்தப் பெண் ஆகாதவள், ஆகவே வரக்கூடாது என்றார். அவன் இரண்டு அறைகளில் தனியாகக் குடும்பம் நடத்தத் தொடங்கினான். இரண்டு தட்டு, இரண்டு தம்ளர், இரண்டு தலையணை. வீட்டில அவங்க எங்கே என்று அக்கம்பக்கத்தில் கேட்டால், வரிசையில இருக்காங்க என்று சொல்லிவைத்தான்.

அவள் தன் அண்ணன் வீட்டிலேயே இருந்தாள். அண்ணனுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்திருந்தது. மறுமாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அவர் ஒருநாள் கடைக்கே வந்துவிட்டார்.

"மாப்பிள்ளை, ஒரு சந்தேகம். உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. என் தங்கச்சிக்கு ஆகல. அப்ப நான் உங்களை மாப்பிள்ளைன்னு கூப்பிடலாமா, கூடாதா?"

"இப்போதைக்குக் கூப்பிட்டு வைங்க மச்சான். பின்னால பார்த்துக்கலாம்."

அண்ணன் கூப்பிட்டு வைத்தார். ஆனால் முன்பிருந்த அழுத்தம் அதில் இல்லை. அவர் போன பிறகு கண்ணாடிக்காரன் ஒரே கண்ணாடியைக் கால்மணி நேரம் துடைத்துக்கொண்டிருந்தான்.

மீதியர் அறையில் நாளுக்கு நாள் ஜனம் பெருகியது. மறுநாள் வகுக்கும்போது புதிதாக வந்தவர்களை முன்னாலும் பழைய மீதியைப் பின்னாலும் நிறுத்த வேண்டும் என்பது பதிவாளரின் உத்தரவு. மீதி என்றால் கடைசியில்தான் வரும், இது கணிதத்தின் இயல்பு, இதில் நாம் கைவைக்கலாகாது என்று விளக்கம் சொன்னார். ஆகவே மீதியாக இருந்தவர்களே மீண்டும் மீதியானார்கள். ஒரே ஆள் ஒவ்வொரு நாளும் கூட்டுத்தொகையில் புதிதாக ஏறினார். தகப்பனாரின் இறப்பைப் பதிய வந்த ஒருவர் அங்கே இருந்தார். தகப்பனார் சட்டப்படி உயிரோடு இருந்ததால், உடல்நலம் விசாரித்து அவருக்கு ஏதோ ஓர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பிறப்பைப் பதியத் தூக்கிவந்த குழந்தை, பிறக்காமலே அந்த அறையில் குப்புற விழக் கற்றுக்கொண்டது. அறையில் எல்லோரும் கைதட்டினார்கள்.

விஷயம் பரவியதும் புதிதாக வருகிறவர்கள் குறைந்தார்கள். கூட்டம் ஏறக்குறைய அப்படியே நின்றது. வகுக்கும் எண் மட்டும் நாளுக்கு ஒன்று ஏறியது. முப்பத்தோராம் நாள் வரிசையில் நின்றவர்கள் இருபத்தொன்பது பேர். ஒரு முழுக் கட்டுகூடச் சேரவில்லை. வந்த அத்தனை பேரும் மீதி. 'நிறைமீதி' என்று அதற்குப் பெயரிட்டார் பதிவாளர். அன்று எழுத்தர்கள் பன்னிரண்டு மணிக்கே மேசையைத் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். இனி தினமும் நிறைமீதிதான் என்று பதிவாளருக்குத் தெரிந்தது. அப்படியொரு நிம்மதியை அவர் பணிக்காலத்திலேயே அனுபவித்ததில்லை.

நடத்துநருக்கும் அது தெரிந்தது. மாதக் கடைசி நெருங்கியது. அண்ணன் வீட்டில் பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். கண்ணாடிக்காரன், மேலிடத்துக்கு ஒரு மனு எழுதலாம், நிலைமையைத் தெளிவாக எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வார்கள் என்றான்.

"இங்க எல்லாருக்கும் தெளிவாத்தான் தெரியுது" என்றாள் அவள். "ஆளுதான் பத்தல."

நாற்பதாம் நாள் காலை மீதியர் அறையிலிருந்து முப்பத்தொரு பேர் எழுந்து வரிசையில் நின்றார்கள். புதிதாக யாரும் வரவில்லை. பதிவாளர் சுண்ணக்கட்டியைக் கையில் எடுத்துவிட்டார். அப்போது அலுவலக வாசலில் ஒரு பேருந்து வந்து நின்றது. அவள் சீருடையில் படிக்கட்டில் நின்றுகொண்டு உள்ளே பார்த்து, "ஒன்பது பேர் மட்டும் இறங்குங்க. பத்து நிமிஷ வேலை. ஒரு கல்யாணம் முடியணும்" என்றாள். கல்யாணம் என்றதும் பத்தொன்பது பேர் இறங்கினார்கள். பத்துப் பேரைத் திரும்ப ஏற்றிவிட்டுத் தானும் வரிசையில் போய்த் தன் இடத்தில் நின்றாள். அதுவரை அந்த இடத்தில் தன் பையை வைத்துவிட்டுப் போயிருந்தாள். அறையில் இருந்தவர்கள் பையையும் ஓர் ஆளாகவே எண்ணிவிட்டிருந்தார்கள்.

நாற்பது பேர். பதிவாளர் மூன்று முறை எண்ணினார். ஒவ்வொரு முறையும் நாற்பதுதான் வந்தது. மீதி பூஜ்ஜியம். கூட்டுத்தொகை நேற்று இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் கேட்டார்.

ஆனால் விதி விதிதான். நாற்பது பேரும் உள்ளே போனார்கள். குழந்தை முறைப்படி பிறந்தது. தகப்பனார் முறைப்படி காலமானார். பேருந்திலிருந்து வந்த ஒரு பெரியவர், தனக்கு ஒன்றும் வேண்டாம், சும்மா கூட வந்தேன் என்றார். உள்ளே வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப விதியில் இடமில்லை. அவருக்கு அன்றைய தேதியில் ஒரு பிறப்புச் சான்றிதழ் கொடுத்தார்கள்.

அவளுடைய முறை வந்தது. கண்ணாடிக்காரன் ஜன்னலுக்கு வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். இந்தத் தடவை பதிவாளரே வந்து மேசையில் உட்கார்ந்தார்.

"மாப்பிள்ளை யாரு?"

அவள் ஜன்னலைக் காட்டினாள். பதிவாளர் பதிவுகளைப் பார்த்தார்.

"இவருக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிடுச்சேம்மா. மனைவி உயிரோட இருக்கும்போது இன்னொரு கல்யாணம் குத்தம்."

"மனைவி யாருன்னு போட்டிருக்கு?"

"மீதி."

"அந்த மீதி நான்தான் சார். முப்பத்துமூணு நாளா இந்த அறையில நான்தான் உட்கார்ந்திருக்கேன்."

"நேத்து வரைக்கும் நீங்க மீதி. ஒத்துக்கறேன். இன்னிக்கு நீங்க உள்ள வந்துட்டீங்க. மீதி பூஜ்ஜியம்." பதிவாளர் பதிவேட்டை மூடினார். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, உண்மையான துக்கத்தோடு சொன்னார். "தம்பி, மனசைத் தேத்திக்கங்க. உங்க மனைவி இப்ப இல்ல."

கண்ணாடிக்காரன் தன்னையறியாமல் தலையை ஆட்டினான். மனைவியின் இறப்பை அடுத்த மேசையில் பதிந்துவிட்டால் மறுமணம் செய்துகொள்ளத் தடையில்லை என்று பதிவாளர் தொடர்ந்து ஆறுதல் சொன்னார். அதற்கு நாளைக்கு வரவேண்டும். நாளைக்கு வகுக்கும் எண் நாற்பத்தொன்று.

அவள் எழுந்து வெளியே வந்தாள். கண்ணாடிக்காரனின் கையிலிருந்து பழைய சான்றிதழை வாங்கினாள். வாசலில் இன்னும் கலையாமல் நின்ற முப்பது பேரைப் பார்த்து, "எல்லாரும் பேருந்துல ஏறுங்க" என்றாள்.

வீட்டுக்காரர் கதவைத் திறந்தபோது தெருவில் அத்தனை பேர் நின்றார்கள். அவள் சான்றிதழை நீட்டினாள். இந்தச் சான்றிதழ்படி இவர் மனைவி மீதி. அந்த மீதி நான். இவங்க எல்லாம் சாட்சி என்றாள். நீதான் மீதி என்று எப்படி நம்புவது என்று வீட்டுக்காரர் கேட்டார். தகப்பனாரை அன்றைக்குத்தான் பதிந்துவிட்டு வந்தவர் முன்னால் வந்து, "ஐயா, இந்த அம்மா மாதிரி ஒரு மீதியை நாங்க பார்த்ததில்ல" என்று சத்தியம் செய்தார். குழந்தையின் தாயும் ஆமாம் என்றாள். வீட்டுக்காரர் சட்டத்தை மதிக்கிற மனிதர். இத்தனை சாட்சிகளோடு எந்தக் கல்யாணமும் அவர் கண்முன் நடந்ததில்லை. சாவியைக் கொடுத்தார். சாயங்காலம் அண்ணன் வந்து, "மாப்பிள்ளை" என்று வாய் நிறையக் கூப்பிட்டார்.

பதிவாளரும் சோர்ந்துவிடவில்லை. மறுநாளிலிருந்து மீதியர் அறையில் புதிய மீதியர் வந்து சேர்ந்தார்கள். கூட்டுத்தொகை மறுபடி ஏறியது. ஆண்டு முடிவில் எல்லா அலுவலகங்களின் எண்களும் தலைமை அலுவலகத்துக்குப் போனபோது, இந்த அலுவலகத்தின் எண்தான் எல்லாவற்றிலும் பெரியதாக இருந்தது. எதன் எண் என்று யாரும் கேட்கவில்லை. சிறந்த பதிவாளருக்கான விருது அவருக்கே கிடைத்தது. விழாவுக்குப் பழைய மீதியர் எல்லோரையும் அழைத்திருந்தார்கள். சாதனைக்கு அவர்கள்தானே ஆதாரம்.

மேடையில் பதிவாளர் தமது தொடர்மீதித் திட்டத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். பேசி முடித்து, யாருக்காவது சந்தேகம் உண்டா என்று கேட்டார். கண்ணாடிக்காரனின் பக்கத்திலிருந்து அவன் மனைவி எழுந்தாள்.

"சார், நான் அதிகம் படிக்கல. ஆனா பள்ளிக்கூடத்துல வகுத்தல் சொல்லிக்குடுத்தப்ப ரெண்டு விடை வரும்னாங்க. ஒண்ணு மீதி. இன்னொண்ணு ஈவு. எத்தனை பேருக்கு வேலை முடிஞ்சுதுன்னு அதுலதானே தெரியும். அதை எங்கேயும் எழுதலையே?"

பதிவாளர் பெருந்தன்மையோடு சிரித்தார். "அதெல்லாம் நாங்க வெச்சுக்கறது இல்லம்மா."

அரங்கம் கைதட்டியது. தட்டத்தான் வேண்டும். அந்த மனிதர் வாழ்நாளில் ஒரு பொய் சொன்னதில்லை. அவருடைய அலுவலகத்தில் மீதி இருந்தது, கூட்டுத்தொகை இருந்தது, கரும்பலகை இருந்தது. ஈவும் இல்லை, இரக்கமும் இல்லை.